முதல் வாரத்துப் புல்: விம்பிள்டனில் பெரியவர்கள் ஏன் வாசலிலேயே விழுகிறார்கள்?

காரைதீவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது: “சேர், 2025 விம்பிள்டன் டென்னிஸில் முதற்சுற்றிலேயே இத்தனை பெரிய ஆட்டக்காரர்கள் தோற்றது எப்படி? பெயரே கேள்விப்படாத ஒருவரிடம் உலகின் மூன்றாம் இடத்துக்காரர் தோற்பது சாத்தியமா? எங்கள் தேநீர்க்கடையில் எல்லோரும் ஆட்டத்தை விற்றுவிட்டார்கள் என்கிறார்கள்.”

தேநீர்க்கடைத் தீர்ப்பை முதலில் ஒதுக்கி வைப்போம். நம் ஊரில் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டியில் எதிர்பாராத அணி வென்றாலும் இதே பேச்சுத்தான் எழும். தோல்விக்குக் காரணம் தேடச் சோம்பல் வரும்போது மனிதருக்கு முதலில் தோன்றுவது விலை. “யானைக்கும் அடி சறுக்கும்” என்று சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. படுவான்கரைப் பக்கம் இரவில் வயலுக்குள் இறங்கும் யானை சறுக்கி விழுந்ததாக நான் ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை. சறுக்குவது அதை விரட்டப் போகிறவன்தான். பழகிய நிலத்தில் யானை சறுக்காது. கேட்க வேண்டியது, அது எந்த நிலத்தில் நிற்கிறது என்பதைத்தான்.

நடந்தது இதுதான். விம்பிள்டனில் ஆண்கள் ஒற்றையரில் 128 பேர், பெண்கள் ஒற்றையரில் 128 பேர். ஒவ்வொரு பக்கத்திலும் 32 பேருக்குத் தரநிலை கொடுத்து, அவர்கள் தொடக்கத்திலேயே ஒருவரையொருவர் சந்திக்காதபடி அட்டவணையில் பிரித்து வைப்பார்கள். 2025இல் அந்த 64 பேரில் 23 பேர் முதற்சுற்றிலேயே வீட்டுக்குப் போனார்கள். 13 ஆண்கள், 10 பெண்கள். முதல் பத்துத் தரநிலைக்குள் இருந்தவர்கள் மட்டும் எட்டுப் பேர். ஆண்களில் ஸ்வெரெவ், முசெத்தி, ரூன, மெத்வதேவ். பெண்களில் கோகோ காஃப், ஜெசிக்கா பெகுலா, செங் சின்வென், பவுலா படோசா. தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட ஓபன் யுகத்தில், அதாவது 1968இலிருந்து, எந்தப் பெரும்போட்டியின் முதற்சுற்றிலும் இப்படி எட்டுப் பேர் விழுந்ததில்லை. அந்த ஆண்டு தொடக்க நாளில் வெப்பம் 32.3 பாகை செல்சியஸ் என்றும், விம்பிள்டன் வரலாற்றிலேயே மிகச் சூடான தொடக்க நாள் அது என்றும் சொன்னார்கள். கச்சான் காற்றில் வெந்துகொண்டு அதைக் கேட்ட நமக்குச் சிரிப்பு வந்திருக்கும். அது வேறு கதை.

எல்லோரும் உடனே சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. பிரெஞ்ச் ஓபன் பாரிஸில் களிமண் தரையில் முடிகிறது. விம்பிள்டன் புல்தரையில் தொடங்குகிறது. இடையில் பழக நேரமில்லை. இதில் உண்மை இருக்கிறது. ஒரு காலத்தில் நான்கு பெரும்போட்டிகளில் மூன்று புல்லில் நடந்தன. அமெரிக்க ஓபன் 1974உடன் புல்லை விட்டது, ஆஸ்திரேலிய ஓபன் 1987உடன் விட்டது. இன்று புல்தரைப் பருவம் என்பது ஜூன், ஜூலையில் சில வாரங்கள் மட்டுமே. பாரிஸ் இறுதிப்போட்டிக்கும் விம்பிள்டன் தொடக்கத்துக்கும் இடையில் 2014 வரை இரண்டே வாரங்கள்தாம் இருந்தன. 2015 முதல் மூன்றாக்கினார்கள்.

காஃபுக்கு இந்த விளக்கம் அப்படியே பொருந்தும். ஜூன் 7ஆம் திகதி பாரிஸில் சபலென்காவை வென்று கிண்ணத்தைத் தூக்கினார். பிறகு பெர்லினில் புல்லில் ஒரே ஓர் ஆட்டம், அதிலும் தோல்வி. விம்பிள்டனில் யஸ்த்ரெம்ஸ்காவிடம் 6-7, 1-6. அந்த ஆட்டத்தில் அவர் செய்த இரட்டைத் தவறுகள், அதாவது சர்வீஸ் என்ற தொடக்க அடி இரண்டு முறையும் பிழைத்துப் புள்ளி இழந்தவை, ஒன்பது. பாரிஸ் வெற்றிக்குப் பிறகு சூழ்ந்துகொண்ட எல்லாமே தன்னைத் திணறடித்துவிட்டதாக அவரே பின்னர் சொன்னார்.

ஆனால் பெகுலாவை என்ன செய்வது? அவர் சனிக்கிழமை ஜேர்மனியின் பாட் ஹொம்பேர்க்கில் புல்தரைப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஸ்வியாதெக்கையே வென்று கிண்ணம் வாங்கியவர். செவ்வாய்க்கிழமை விம்பிள்டனில் கொச்சியாரெத்தோவிடம் 2-6, 3-6 என்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோனார். ஹாலே புல்தரைப் போட்டியை வென்ற புப்ளிக் முதற்சுற்றில் தோற்றார். அதே ஹாலேயில் இறுதிவரை வந்த மெத்வதேவும் தோற்றார். ஸ்டுட்கார்ட் இறுதியும் ஹாலே அரையிறுதியும் ஆடிவிட்டு வந்த ஸ்வெரெவும் தோற்றார். அந்த ஜூனில் இவர்களைவிட அதிகம் புல்லில் நின்றவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே “பழக்கமில்லை” என்ற விளக்கம் பாதித் தூரத்தில் நம்மைக் கைவிட்டுவிடுகிறது.

மீதிப் பாதிக்கு நான் உங்களை வயல் வட்டைக்குள் கூட்டிப்போக வேண்டும்.

என் இளமையில் தம்பிலுவில் பக்கம் வெள்ளாமை வெட்டி முடிந்ததும் வயலில்தான் பந்தடி. அரிதாளை மிதித்துச் சமப்படுத்தி, நடுவில் ஒரு கீற்று நிலத்தைத் தட்டி ஆடுகளம் ஆக்குவோம். ஆட்டம் ஆறே ஓவர். ஒருமுறை பட்டினத்து அணி ஒன்று வந்தது. சீமெந்து ஆடுகளத்தில் பயின்ற, உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரர்கள். எங்கள் வயலில் பந்து எழவில்லை. கணுக்காலுக்கு மேலே வராத பந்தை இடுப்புயரத்தில் எதிர்பார்த்து மட்டையை வீசினார்கள். முதல் இரண்டு ஓவரில் மூன்று பேர் போனார்கள். நான்காவது ஓவருக்குப் பிறகு வந்த பையன் குனிந்து ஆடத் தொடங்கினான், விளாசினான். நிலத்தைப் படித்துவிட்டான். ஆனால் மிச்சமிருந்தது எட்டுப் பந்துதான். பத்து ஓவர் ஆட்டமாக இருந்திருந்தால் எங்களைத் துவைத்துத் தோரணம் கட்டியிருப்பார்கள்.

விம்பிள்டனின் முதல் வாரம் அந்த ஆறு ஓவர் ஆட்டம். அங்கே புல்லை 8 மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். களிமண்ணில் பந்து விழும்போது மண் அதைப் பிடித்து நிறுத்தி மேலே எறிகிறது. புல்லில் உராய்வு குறைவு. பந்து விழுந்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு தாழ்வாக வருகிறது. களிமண்ணின் மன்னர் நடால் ஆடிய காலத்தில் அவர் பந்து களிமண்ணில் எதிராளியின் தோளுக்கு மேலே எழுந்தது. புதிய புல்லில் அதே பந்து அடிப்பதற்கு வசதியான உயரத்தில் வந்து நின்றது. நெட்டையான, தட்டையாக ஓங்கி அடிக்கிற எதிராளிக்கு அதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. போட்டி தொடங்கும்போது புல் புதியது, உள்ளே ஈரம் இருக்கிறது. விம்பிள்டனின் பிரதான திடலான சென்டர் கோர்ட்டில் ஆண்டு முழுவதும் ஆட்டம் என்பதே மிக அரிது. தொடங்குவதற்கு முன் அந்தக் கழகத்தின் நான்கு பெண் உறுப்பினர்களை ஒரு சனிக்கிழமை ஆடவிட்டு நிலத்தைப் பதம் பார்ப்பது அவர்களுடைய பழைய வழக்கம். இரண்டாம் வாரத்தில் தொலைக்காட்சியில் பாருங்கள்: பின்கோட்டருகே புல் தேய்ந்து மண் தெரியும், கால் பிடிக்கும், பந்தும் சற்று எழும். முதல் இரண்டு மூன்று நாளில் அப்படியல்ல. விடியற்காலையில் பனி ஈரத்தோடு வரம்பில் நடந்திருக்கிறீர்களா? பழகியவன் எட்டி வைக்கமாட்டான். சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதையும் பதித்துப் போவான். களிமண்ணில் வழுக்கிக்கொண்டே போய்ப் பந்தைப் பிடிக்கப் பழகிய கால் அந்த அடியைத் திரும்பக் கற்க வேண்டும். 2013இல் அசரென்கா முதற்சுற்றில் வழுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டு, இரண்டாம் சுற்றுக்கு வராமலே விலகினார். அந்தப் புதன்கிழமை மட்டும் காயத்தால் விலகியவர்கள் ஏழு பேர்.

இதை வைத்து விம்பிள்டன் புல் இன்று மிக வேகமானது என்று நினைத்துவிட வேண்டாம். 2001இலிருந்து முழுவதும் ரை என்ற ஒரே வகைப் புல்லை விதைக்கிறார்கள். அதற்கு முன் முப்பது வீதம் வேறொரு புல் கலந்திருந்தது. நிலத்தையும் இறுக்கினார்கள். அதனால் பந்து முன்னைவிட எழும்புகிறது. பின்கோட்டில் நின்று ஆடுபவர்களே இப்போது கிண்ணம் வாங்குகிறார்கள். ஆனாலும் புல் புல்தான்.

என் கணக்கில் முக்கியமான காரணம் அடுத்தது. புல், பெரியவனுக்கும் சிறியவனுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சுருக்கிவிடுகிறது. களிமண்ணில் ஒரு புள்ளிக்குப் பத்து, பதினைந்து அடி ஓடும். திறமை அதிகமானவர் தன் திறமையைக் காட்ட அத்தனை தடவை வாய்ப்பு. புல்லில் சர்வீஸ், ஒரு பதிலடி, முடிந்தது. நல்ல சர்வீஸ் உள்ளவன் சர்வீஸ் போடும் கேமைப் பறிப்பது பெரும்பாடு. இரண்டு பேரும் தத்தம் சர்வீஸைக் காப்பாற்றிக்கொண்டே போனால் செட் 6-6 ஆகி டை-பிரேக்கில் வந்து நிற்கும். அங்கே இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் ஏழு புள்ளி எடுப்பவருக்கே செட். ஏழு புள்ளிக்குள் உலகின் முதலாமவருக்கும் நூறாமவருக்கும் என்ன வித்தியாசம்? ஒரு பந்து கோட்டில் பட்டதா, படவில்லையா என்பதுதான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2010 முதற்சுற்று சாட்சி. இஸ்னருக்கு 23ஆம் தரநிலை. மாஹு தகுதிகாண் சுற்றில் வென்று உள்ளே வந்தவர். மூன்று நாட்களாக, மொத்தம் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். அந்தக் காலத்தில் அங்கே கடைசி செட்டுக்கு டை-பிரேக் இல்லை; ஐந்தாவது செட் 70-68. அந்த ஒரு செட்டில் 138 கேம். அத்தனையிலும் ஒருவர் மற்றவரின் சர்வீஸை முறியடித்தது ஒரே ஒரு தடவை, கடைசிக் கேமில். இஸ்னர் வென்றார், ஆகவே இதை யாரும் அதிர்ச்சித் தோல்விப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் அதிர்ச்சித் தோல்வி எந்த உலையில் வேகிறது என்று காட்ட எனக்கு இதைவிட நல்ல ஆட்டம் தெரியாது.

இப்போது விம்பிள்டனில் பல தடவை சாம்பியனான பெடரரின் தோல்வியைப் பாருங்கள். 2013, இரண்டாம் சுற்று, தரவரிசையில் 116ஆம் இடத்திலிருந்த உக்ரைனின் ஸ்டகோவ்ஸ்கி. முடிவு 7-6, 6-7, 5-7, 6-7. நான்கு செட்டில் மூன்று டை-பிரேக். ஸ்டகோவ்ஸ்கி பழைய பாணியில் சர்வீஸ் போட்டதும் வலையை நோக்கி ஓடிவந்துகொண்டே இருந்தார். பெடரருக்கு அடியைத் தொடரவே இடம் கொடுக்கவில்லை. பெரும்போட்டிகளில் தொடர்ந்து 36 தடவை காலிறுதிக்கு வந்த பெடரரின் சாதனை அன்று முடிந்தது. (அந்த ஸ்டகோவ்ஸ்கி 2022இல் ராக்கெட்டை வைத்துவிட்டுத் தன் நாட்டுக்காகத் துப்பாக்கி எடுத்தார். மட்டக்களப்பில் இருந்துகொண்டு அந்தச் செய்தியைப் படித்தபோது விளையாட்டுச் செய்தியாக அது எனக்குப் படவில்லை.)

நடாலின் கதை இன்னும் கொடுமை. 2012இல் பாரிஸில் ஏழாவது தடவை வென்ற கையோடு வந்தார். இரண்டாம் சுற்றில் எதிரே செக் நாட்டின் ரொசோல், தரவரிசை 100, விம்பிள்டன் பிரதான சுற்றில் ஆடுவது அதுவே முதல் தடவை. நான்கு செட் முடிந்து ஆளுக்கு இரண்டு என்று நின்றபோது வெளிச்சம் போய்விட்டது; கூரையை மூட ஆட்டத்தை நிறுத்தினார்கள். நான்காவது செட்டை 6-2 என்று வென்று நடால் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. திரும்பி வந்தபோது ரொசோல் வேறு மனிதராக இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது போல அடித்தார், எல்லாம் கோட்டுக்குள் விழுந்தது. 6-4. நடாலுக்கு முழங்கால் பிரச்சினை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஏழு மாதம் அவர் களம் இறங்கவில்லை. மறு ஆண்டும் பாரிஸில் வென்றார். புல்லில் ஒரு முன்னோட்டப் போட்டியும் ஆடாமல் விம்பிள்டன் வந்தார். முதற்சுற்றிலேயே 135ஆம் இடத்து டார்சிஸிடம் நேர் செட்டில் தோற்றார். முதல் இரண்டு செட்டும் டை-பிரேக். 2015இல் இரண்டாம் சுற்றில் டஸ்டின் பிரவுண், அவரும் தகுதிகாண் சுற்றால் வந்தவர்.

இந்தத் “தகுதிகாண் சுற்று” என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தீர்களா? தரவரிசை போதாதவர்கள் பிரதான போட்டிக்கு முந்திய வாரம் மூன்று ஆட்டம் வென்றால்தான் உள்ளே வரலாம். அதுவும் புல்லில்தான். ஆக, அப்படி வருகிறவன் உள்ளே வரும்போதே மூன்று வெற்றி, பதமான கால், பசி எல்லாவற்றோடும் வருகிறான். 2025இல் ரூனவிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து, பிறகு மூன்றையும் வென்ற சிலியின் யாரி அப்படி வந்தவர்தான். 1999இல் உலகின் முதலிடத்தில் இருந்த ஹிங்கிஸை 6-2, 6-0 என்று வென்ற யெலேனா டோக்கிச்சும் அப்படித்தான். அப்போது அவருக்கு 16 வயது, தரவரிசை 129. ஹிங்கிஸ் அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பாரிஸ் இறுதியாட்டத்தில் ஸ்டெஃபி கிராஃபிடம் தோற்று, கூட்டத்தின் கூச்சலில் அழுதவர். இரண்டு ஆண்டு கழித்து, 2001இல், முதல் தரநிலையோடு மறுபடி முதற்சுற்றிலேயே ருவானோ பஸ்குவாலிடம் தோற்றார். ஒருமுறை விழுந்த இடத்தில் கால் மறுபடி கூசும் போலும்.

நான் சொன்னதையே மறுக்கும் ஆளும் உண்டு. 2002இல் ஏழு தடவை சாம்பியனான சாம்பிராஸை இரண்டாம் சுற்றில் வென்ற சுவிஸ்காரர் பாஸ்டல் தகுதிகாண் சுற்றிலேயே தோற்றவர். யாரோ விலகியதால் இடம் கிடைத்து உள்ளே வந்தவர். தரவரிசை 145. இரண்டு செட் முன்னே போனார். சாம்பிராஸ் இரண்டைத் திருப்பினார். ஐந்தாவதில் 6-4 என்று பாஸ்டல் முடித்தார். ஆட்டம் நடந்தது பழைய இரண்டாம் இலக்கத் திடலில். பெரியவர்கள் அங்கே தொடர்ந்து தோற்றதால் அதற்குச் “சாம்பியன்களின் சுடுகாடு” என்று பெயர். இடைவேளைகளில் சாம்பிராஸ் கதிரையில் உட்கார்ந்து மனைவி எழுதிக்கொடுத்த கடிதத்தை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அவர் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். செப்டெம்பரில் அதே மனிதர் அமெரிக்க ஓபனை வென்றார். அதன் பிறகு ஒரு போட்டியும் ஆடவில்லை.

சாம்பிராஸ் விழுந்த அதே நாளில்தான் தாய்லாந்தின் பரடோர்ன் ஸ்ரீசப்பன் அகாசியை நேர் செட்டில் வென்றார். சஃபினும் அன்றே தோற்றார். வென்றதும் பரடோர்ன் கைகளைக் கூப்பி நான்கு திசையும் திரும்பி வணங்கினார். சென்டர் கோர்ட்டில் நம் பக்கத்து வணக்கம்! எங்கள் வீட்டில் டென்னிஸ் என்றால் முகம் சுளிக்கும் என் தாயார்கூட “யாருடைய பிள்ளை இது?” என்று கேட்டார்.

நம் பக்கம் என்றதும் ஒரு நடக்காத அதிர்ச்சியைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1979, இரண்டாம் சுற்று. மூன்று ஆண்டு தொடர்ந்து சாம்பியனான பியோர்ன் போர்க்குக்கு எதிரே சென்னையின் விஜய் அமிர்தராஜ். இரண்டுக்கு ஒன்று என்று செட்டில் அமிர்தராஜ் முன்னே. நான்காவது செட் டை-பிரேக்குக்குப் போனது. போர்க் தப்பினார், ஐந்தாவதை 6-2 என்று எடுத்தார், அந்த ஆண்டும் கிண்ணம் அவருக்கே. அந்த ஒரு டை-பிரேக் மறுபக்கம் சாய்ந்திருந்தால், போர்க்கின் தொடர்ச்சியான ஐந்து பட்டங்கள் என்று இன்று புத்தகங்களில் இருக்கும் வரி இருந்திராது. பெரியவர்கள் தோற்ற ஆட்டங்களைப் பட்டியலிடுகிறோம். தோற்கப் பார்த்து மயிரிழையில் தப்பிய ஆட்டங்களை யாரும் எண்ணுவதில்லை. எண்ணினால் இந்த முதல் வாரம் எவ்வளவு மெல்லிய வரம்பு என்பது இன்னும் நன்றாக விளங்கும்.

நடப்புச் சாம்பியன்கள் விழுவது தனி இனம். முதல் நாள், சென்டர் கோர்ட்டின் முதல் ஆட்டம் நடப்பு ஆண் சாம்பியனுக்கு என்பது மரபு. அந்த மரியாதைக்குள் ஒரு பொறியும் இருக்கிறது: யாருமே மிதிக்காத புல்லில் முதலில் இறங்குவது அவர்தான். 1967இல் மனுவேல் சந்தானா அப்படி இறங்கி சார்லி பசரெல்லிடம் தோற்றார். ஆண்களில் அடுத்தது நடக்க 36 ஆண்டு பிடித்தது. 2003இல் லெய்டன் ஹுவிட். பெண்களில் 1994இல் ஸ்டெஃபி கிராஃப். அதுவரை ஐந்து தடவை வென்றவர். காற்றும் மழையும் கலந்த நாளில் லோரி மக்னீல் வலைக்கு ஓடி ஓடி வந்து 7-5, 7-6 என்று வென்றார். அடுத்தது 2024இல் வொண்ட்ரூஷோவா, பௌசாஸ் மனெய்ரோவிடம். இருபாலிலும் மொத்தமே நான்கு. அரிதுதான், ஆனால் நடக்காததல்ல.

முதற்சுற்றைத் தாண்டி இரண்டாவதில் விழுந்த போரிஸ் பெக்கரை நான் விடமாட்டேன். 1985, 1986 இரண்டும் வென்றவர். 1987இல் 19 வயது, முதல் தரநிலை, அதற்கு முன் குயின்ஸ் புல்தரைப் போட்டியையும் வென்றுவிட்டு வந்திருந்தார். ஆகவே “பழக்கமில்லை” என்ற சாட்டு இங்கே செல்லாது. தரவரிசையில் 70ஆம் இடத்திலிருந்த ஆஸ்திரேலியர் பீற்றர் டூஹன் நான்கு செட்டில் வென்றார். அன்று டூஹன் நன்றாக ஆடினார். அதற்கு மேல் விளக்கம் தேட நான் முயல்வதில்லை. ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்கள் துருவியபோது, இது போர் அல்ல, யாரும் சாகவில்லை, ஒரு டென்னிஸ் ஆட்டத்தில் தோற்றேன், அவ்வளவுதான் என்ற பொருளில் பெக்கர் பதில் சொன்னார். உலகத்துக்கு அது முதிர்ச்சியான பையனின் நல்ல பதில். 1987 ஜூனில் மட்டக்களப்பில் அதை வானொலியில் கேட்டவர்களுக்கு, போர் என்ற சொல் உவமையாக வந்து விழவில்லை. நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு யாரோ, “பெடியன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்” என்றார்.

2025இன் எண்ணிக்கையை வைத்துப் “பழைய காலத்தில் இப்படி இல்லையே” என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சின்னத் திருத்தம். 2001க்கு முன் தரநிலை பெற்றவர்கள் பக்கத்துக்கு 16 பேர்தான். 32 ஆக்கிய பிறகு, 25ஆம் தரநிலைக்காரர் தோற்றாலும் “தரநிலை வீரர் வெளியேறினார்” என்று எண்ணிக்கையில் சேர்கிறது. அவருக்கும் எதிரே நின்ற 40ஆம் இடத்துக்காரருக்கும் உண்மையில் பெரிய தூரமே இல்லை. ஆகவே 23 என்ற எண்ணைவிட எட்டு என்ற எண்ணையே நான் பெரிதாக எடுப்பேன். இன்னொன்று: முன்பு விம்பிள்டன் ஆண்களுக்குத் தரநிலை கொடுக்கும்போது புல்தரையில் எப்படி ஆடினார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தது. 2021 முதல் அது இல்லை; உலகத் தரவரிசை அப்படியே தரநிலையாகிறது. களிமண்ணிலும் சீமெந்துத் தரையிலும் சேர்த்த புள்ளியோடு ஒருவர் மேலே நிற்கிறார். புல் அந்தப் புள்ளியைப் பார்ப்பதில்லை. எனக்குப் பழைய முறையே பிடித்திருந்தது.

தம்பி, நீங்கள் தனியாகக் கேட்ட இன்னொன்று: வென்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. ரொசோல் அடுத்த ஆட்டத்திலேயே தோற்றார். ஸ்டகோவ்ஸ்கியும் அப்படியே. டார்சிஸ் தோள் வலியால் அடுத்த ஆட்டத்துக்கு இறங்கவே இல்லை. பெகுலாவை வென்ற கொச்சியாரெத்தோ மூன்றாம் சுற்றோடு சரி. விதிவிலக்குகளும் உண்டு: மக்னீல் அரையிறுதி வரை போய், இறுதியில் கிண்ணம் வாங்கிய கொஞ்சித்தா மார்ட்டினெஸிடம் மூன்றாவது செட்டில் 8-10 என்று தோற்றார், டோக்கிச் காலிறுதி வரை, யாரி நான்காம் சுற்று வரை. தேநீர்க்கடையில் இதையும் சொல்லிப் பாருங்கள். தோற்றவர்களோ திரும்பி எழுந்துவிடுகிறார்கள்: டார்சிஸிடம் தோற்ற நடால் அதே ஆண்டு அமெரிக்க ஓபனை வென்றார்.

அடுத்த முறை பார்க்கும்போது சென்டர் கோர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். அது நம் நேரத்துக்கு மாலை 6 மணிக்குத்தான் தொடங்கும். வெளித் திடல்களில் 3.30க்கே ஆட்டம் ஆரம்பமாகிவிடும். முதல் இரண்டு நாளின் வேட்டை பெரும்பாலும் அங்கேதான். எதிராளி தகுதிகாண் சுற்றால் வந்தவரா, நெட்டையானவரா, பெரியவர் பாரிஸில் எத்தனை நாள் நின்றார், பின்கோட்டருகே எத்தனை தடவை கால் தடுமாறுகிறார் என்று பாருங்கள். முதல் செட்டின் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

அதை நான் கற்ற விதம் இது. 2003இல் பக்கத்து வீட்டில் புதிதாக டிஷ் பூட்டியிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு ஹுவிட் ஆடுவதைப் பார்க்க நாலைந்து பேர் கூடியிருந்தோம். எதிரே ஏழடிக்குச் சற்றுக் குறைந்த ஒரு குரோஷியர், இவோ கார்லோவிச், தரவரிசை 203, முதன்முதலாக ஒரு பெரும்போட்டியில் ஆடுகிறார். முதல் செட் 6-1, இருபது நிமிடம்கூட ஆகவில்லை. “பாவம், பெடியனை விட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிட்டு நான் எழும்பி, கல்லடிப் பாலத்தைத் தாண்டி மீன் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அந்த வீட்டில் எல்லோரும் எழும்பி நின்றுகொண்டிருந்தார்கள். கார்லோவிச் 7-6, 6-3, 6-4 என்று மீதி மூன்றையும் எடுத்திருந்தார். மீன் நல்ல மீன்தான்; ஆனாலும் அன்றைக்கு எனக்கு அது இறங்கவில்லை.